அலைகள் பாடும் தரங்கம்பாடி

ஒரு வெள்ளைக்கார வாலிபர். வயது 24. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே மணல் பரப்பியிருக்கிறது. வயதான வாத்தியார் ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார். வாலிபர் விரலால் மணலில் 'அ' எழுதுகிறார். சரியாக வரவில்லை. கையால் அழிக்கிறார். மறுபடியும் எழுதுகிறார்.

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். அவர் வெட்கப்படவில்லை. எழுத்துப் படியும் வரை எழுதினார்.

இது கதை அல்ல. 1706-ம் வருஷம் நடந்த சங்கதி. நடந்த இடம் தரங்கம்பாடி.

அன்று மணலில் எழுதிய எழுத்து, ஏழு வருஷத்தில் ஈய எழுத்தாக மாறி, காகிதத்தில் ஏறியது. இன்று நாம் புத்தகம் படிக்கிறோம், பத்திரிகை படிக்கிறோம். அந்த வசதி நமக்கு வந்து சேர்ந்த பாதையில் இந்தச் சின்னஞ்சிறு ஊரும் ஒரு படிக்கட்டு.

எங்கே இருக்கிறது?

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலின் ஓரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், பஸ் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டர். முன்பு தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம் மாவட்டம். 2020-ம் வருஷம் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதும், அதில் சேர்ந்தது.

மேற்கே வயல். கிழக்கே கடல். தெற்கே உப்பனாறு. பக்கத்து ஊர் பொறையாறு. கொஞ்ச தூரத்தில் திருக்கடையூர். நடுவே ஒரு கைப்பிடி அளவு மணல் மேடு. அதுதான் ஊர்.

'தரங்கம்' என்றால் அலை. 'பாடி' என்றால் ஊர். அலை ஓரத்து ஊர் என்று பொருள். ஆனால் ஊர் ஜனங்களைக் கேட்டால், "அலை பாடும் ஊர்" என்பார்கள். அதுவும் பொருத்தம்தான். எந்தத் தெருவில் நின்றாலும் அலை ஓசை காதில் விழும்.

இந்த ஊருக்கு நல்லது வந்ததும் கடல் வழியே. கெட்டது வந்ததும் கடல் வழியே. ஊரின் சரித்திரம் முழுவதும் இதுதான்.

பாண்டியன் கோயில்

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இது பெயர் பெற்ற ஊர். அப்போது 'சடங்கன்பாடி' என்று பெயர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ம் வருஷம் வாக்கில், இங்கே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. ஊருக்குக் 'குலசேகரன்பட்டினம்' என்ற பெயரும் உண்டு என்று கல்வெட்டு சொல்கிறது. 'பட்டினம்' என்றால் கடற்கரை வியாபார ஊர். ஆகவே அந்தக் காலத்திலேயே இங்கே கப்பல் வந்து போயிருக்க வேண்டும்.

கோயில் கட்டிய காலத்தில் கடல் தள்ளி இருந்தது. வருஷம் போகப் போகக் கரை அரித்தது. கடல் நெருங்கி வந்தது. கோயிலின் முன்பகுதியை அலை விழுங்கிவிட்டது. செதுக்கிய கல்லெல்லாம் தண்ணீரில் விழுந்தது. மிஞ்சிய பகுதியைப் பிறகு பழுது பார்த்தார்கள். அலையைத் தடுக்கக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்தார்கள்.

கோயில் மட்டும் அல்ல. கடலை ஒட்டி இருந்த பழைய கட்டடங்கள் பல இப்படிப் போய்விட்டன. ஆறு கொண்டு வரும் மண்ணும் மணலும்தான் கரைக்குச் சோறு. ஆற்றில் மணல் வரத்துக் குறைந்தால், கரை மெலியும். கடல் உள்ளே வரும்.

டென்மார்க் கப்பல்

டென்மார்க் என்பது ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஒரு சிறிய நாடு. குளிர் நாடு. அங்கே மிளகு விளையாது. மிளகுக்கும் பருத்தித் துணிக்கும் அங்கே நல்ல விலை. போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் கீழ்நாட்டு வியாபாரத்தில் பணம் குவிப்பதைப் பார்த்து, டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கும் ஆசை வந்தது. 1616-ல் ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள்.

1618-ம் வருஷக் கடைசியில் கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவே கெட்டே. அவருக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இலங்கை வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. வழியில் நோயில் பலர் இறந்து போனார்கள். இலங்கையில் கண்டி ராஜாவோடு வியாபாரம் பேசுவது அவர்கள் நோக்கம். அந்தக் காரியம் பலிக்கவில்லை.

இதற்கிடையே, முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர் தாக்கினார்கள். கப்பல் போயிற்று. ரோலண்ட் கிராப்பே என்பவரும் இன்னும் சிலரும் தப்பிக் கரை ஏறினார்கள். அவர்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள்.

அப்போது தஞ்சாவூரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். கல்வியிலும் சங்கீதத்திலும் பெயர் எடுத்த ராஜா. கரை ஒதுங்கியவர்களை அவர் விரட்டவில்லை. போர்ச்சுக்கீசியரோடு போட்டி போட இன்னொரு வெள்ளைக்காரர் கூட்டம் இருந்தால் தமக்கும் நல்லது என்று நினைத்திருக்கலாம். கப்பல் உடைந்து வந்த கிராப்பே மூலமாகத்தான் தரங்கம்பாடியின் கதை திரும்பியது.

தங்க ஓலை

1620-ம் வருஷம் நவம்பர் மாதம், ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்காருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளலாம். வியாபாரம் செய்யலாம். அதற்குக் கப்பம் கட்ட வேண்டும்.

நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காகிதத்தில் அல்ல. பனை ஓலையிலும் அல்ல. ஓலை போல அடித்த தங்கத் தகட்டில்! எழுதிய மொழி தமிழ். அந்தத் தங்க ஓலை இன்றும் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

கடல் ஓரத்தில் கோட்டை எழுந்தது. 'டேன்ஸ்பர்க்' என்று பெயர் வைத்தார்கள். 'டேனிஷ்காரர் கோட்டை' என்று அர்த்தம். கீழே சரக்கு அறை, வெடிமருந்து அறை, சிறை. மேலே தலைவரும் பாதிரியாரும் வியாபாரிகளும் குடியிருக்கும் அறைகள். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குப் படகிலும் கட்டுமரத்திலும் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் டென்மார்க் கம்பெனி ஒரு மூட்டையைக்கூட ஏற்றியிருக்க முடியாது.

இங்கிருந்து போனது துணியும் மிளகும் மட்டும் அல்ல. அந்த நூற்றாண்டில் ஏழை ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிக் கப்பல் ஏற்றியதும் உண்டு. பஞ்ச காலத்தில் பசிக்காக விற்கப்பட்ட ஜனங்கள் அவர்கள். கோட்டையின் அழகைப் பார்க்கும்போது, இதையும் மறக்கக் கூடாது.

கப்பல் வராத 26 வருஷம்

கோட்டை கட்டியாயிற்று. ஆனால் டென்மார்க்கில் போர் மேல் போர். பணம் இல்லை. கப்பல் அனுப்ப முடியவில்லை. 1643-ல் ஒரு கப்பல் வந்தது. அடுத்த கப்பல் எப்போது வந்தது தெரியுமா? 1669-ல்!

இடையில் 26 வருஷம். கோட்டையில் இருந்தவர்கள் தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கப்பல் வரவில்லை. கடிதம் வரவில்லை. சம்பளம் வரவில்லை. ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் கோங்ஸ்பக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர் தலைவராக மிஞ்சினார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார். வங்காளக் கப்பல்களைப் பிடித்து அந்தச் சரக்கை விற்றுக் காலம் தள்ளினார். ஊரைச் சுற்றி மதில் கட்டினார். 26 வருஷம் கழித்துக் கப்பல் வந்தபோது, கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டு இருந்தது.

மணல் எழுத்து

இனி, நாம் தொடக்கத்தில் பார்த்த வாலிபரிடம் வருவோம். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். கிறிஸ்தவப் பாதிரியார். டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக் அனுப்பி, 1706-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி தரங்கம்பாடிக்கு வந்தார். புளுட்சோ என்ற இன்னொரு பாதிரியாரும் கூட வந்தார்.

அதற்கு முன்பு வந்த ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் தமிழ் கற்கவில்லை. கடற்கரையில் வழங்கிய கொச்சைப் போர்ச்சுக்கீசில் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். சீகன்பால்கு அப்படி நினைக்கவில்லை. ஜனங்களிடம் பேச வேண்டுமானால் ஜனங்களின் மொழி தெரிய வேண்டும் என்றார். வயதான வாத்தியார் ஒருவரைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார்.

எழுத்துக் கற்ற பிறகு ஏடுகளைத் தேடினார். பனை ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். புலவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 1708-ல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். 'கொன்றைவேந்தன்', 'உலகநீதி', 'நீதிவெண்பா' ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் படிக்கும் கொன்றைவேந்தன், 300 வருஷத்துக்கு முன்பே ஜெர்மன் பேசியது!

இந்த ஊர் ஜனங்களின் வழக்கங்களைப் பற்றி, தமிழ் அறிஞர்களிடம் கடிதம் மூலம் கேள்வி கேட்டார். அவர்கள் எழுதிய பதில்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. அப்படி வந்த கடிதங்கள் 99. தமிழர் தங்கள் வாழ்வைத் தாங்களே எடுத்துச் சொன்ன கடிதங்கள் அவை.

சிறையில் நாலு மாதம்

கோட்டைத் தலைவருக்கு இந்தப் பாதிரியாரைப் பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார். ஓர் ஏழை விதவையின் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசப் போக, சண்டை முற்றியது. 1708-ம் வருஷம் நவம்பரில் அவரைக் கைது செய்து, டேன்ஸ்பர்க் கோட்டையிலேயே அடைத்துவிட்டார்கள். நாலு மாதம் சிறை. ஒரு ராஜா அனுப்பிய பாதிரியாரை, அதே ராஜாவின் கோட்டையில் பூட்டினார்கள்!

அதற்கு முந்தின மாதம்தான் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். விடுதலை ஆனதும் வேலையைத் தொடர்ந்தார். 1711-ல் முடித்தார்.

ஈய எழுத்து

எழுதி முடித்தாயிற்று. இதை எத்தனை பேருக்கு ஓலையில் பிரதி எடுத்துக் கொடுப்பது? அச்சு இயந்திரம் வேண்டும்.

தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்டது இது முதல் தடவை அல்ல. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் பிறகு அந்த முயற்சி தேய்ந்து நின்றுவிட்டது. நின்றதை மறுபடியும் தொடங்கிய ஊர் தரங்கம்பாடி.

இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பினார்கள். அது வந்த கதை சினிமாக் கதை போல இருக்கும். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். இயந்திரத்தோடு வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்து போனார். இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை!

1713-ல் ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகளும், அச்சு வேலை தெரிந்தவர்களும் வந்தார்கள். எழுத்து மிகப் பெரிதாக இருந்தது. அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படி ஆகாது. ஆகவே சின்ன எழுத்தை இங்கேயே வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடியை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள்.

1714-ல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி அச்சாயிற்று. 1715-ல் முழுவதும் முடிந்தது. காகிதத்துக்கும் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்று பொறையாறு பக்கம் காகிதப் பட்டறை ஒன்றும் வைத்தார்கள். பட்டறை நீடிக்கவில்லை. ஆனால் பெயர் போகவில்லை. அந்த இடத்துக்கு 'கடுதாசிப் பட்டறை' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1700-களின் தொடக்கத்தில் அது எவ்வளவு பெரிய புதுமை என்று யோசித்துப் பாருங்கள்!

சீகன்பால்கு தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். அது 1716-ல் ஜெர்மனியில் அச்சாயிற்று. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றியும் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். "உம்மை அனுப்பியது இதற்காக அல்ல" என்கிற தோரணையில் அங்கிருந்து பதில் வந்தது. அந்த நூலை மூலையில் போட்டுவிட்டார்கள். 154 வருஷம் கழித்து, 1867-ல், சென்னையில்தான் அது அச்சேறியது.

1718-ல் 'புதிய எருசலேம்' என்ற மாதா கோயிலைக் கட்டி முடித்தார். அடுத்த வருஷமே, 1719 பிப்ரவரி மாதம், நோயில் இறந்து போனார். வயது 36. தாம் கட்டிய கோயிலுக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் ராஜா தெருவில் இன்றும் இருக்கிறது.

விலைக்குப் போன ஊர்

டேனிஷ்காரர் 225 வருஷம் இங்கே இருந்தார்கள். இடையே 1801-லும், 1808 முதல் 1815 வரையும் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது. லாபம் இல்லாத கடையை எத்தனை நாள் திறந்து வைப்பது?

1845-ம் வருஷம் விற்றுவிட்டார்கள். தரங்கம்பாடியோடு வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். வாங்கியவர் ஆங்கிலேயக் கம்பெனியார். ஒரு மாட்டை விற்பது போல ஓர் ஊரை விற்றார்கள். ஊர் ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

சில வருஷம் தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் இங்கே இருந்து நிர்வாகம் நடத்தினார். பிறகு அந்த உத்தியோகமும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வியாபாரம் ரயில் இருக்கும் துறைமுகத்தைத் தேடிப் போயிற்று. தரங்கம்பாடித் துறைமுகம் தூங்கிவிட்டது.

தாமதமாக 1926-ல் இந்த ஊருக்கும் ரயில் வந்தது. மாயவரத்திலிருந்து கடல் வரை சின்ன ரயில். 60 வருஷம் ஓடியது. 1986-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

தில்லையாடிப் பெண்

டேனிஷ்காரர் கையில் இருந்த ஊர்களில் தில்லையாடியும் ஒன்று. தரங்கம்பாடிக்குக் கூப்பிடு தூரம். பிழைப்புக்காக இந்தப் பக்கத்து ஜனங்கள் பலர் கடல் தாண்டிப் போனார்கள். அப்படித் தென்னாப்பிரிக்கா போன ஒரு குடும்பத்தில் பிறந்தவள்தான் வள்ளியம்மை. அங்கே இந்தியருக்கு எதிரான சட்டங்களை எதிர்த்து மகாத்மா காந்தி போராடியபோது, அவளும் சிறைக்குப் போனாள். கடுங்காவலில் உடம்பு கெட்டது. வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி மாதம், 16-வது வயதில் உயிர் நீத்தாள்.

காந்தியடிகள் அவளை மறக்கவில்லை. இந்தியா திரும்பிய அதே வருஷம், 1915-ல், தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். தம்மோடு போராடியவர்களின் சொந்த ஊரைக் கண்ணால் பார்க்க வந்தார்.

கடல் வந்த காலை

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். காலை நேரம். கரையில் மீன் வியாபாரம் நடந்துகொண்டு இருந்தது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டு இருந்தார்கள்.

கடல் எழும்பி வந்தது. 'சுனாமி' என்ற சொல்லை அதுவரை நம் ஜனங்கள் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் குப்பத்திலும் சாவு விழுந்தது. படகு போயிற்று. வலை போயிற்று. வீடு போயிற்று.

பிறகு, கடலிலிருந்து தள்ளிப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல கெட்டி வீடுகள். ஆனால் மீனவருக்கு ஒரு சங்கடம். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும். காற்று எந்தத் திசை, நீரோட்டம் எப்படி, மீன் வருகிறதா என்று கடலைப் பார்த்துத்தான் தொழில். கரையில் படகையும் வலையையும் விட்டுவிட்டு, தள்ளிப்போய்த் தூங்க மனம் வருமா? பக்கத்தில் இருந்தால் பயம். தள்ளிப் போனால் பிழைப்பு. இந்தச் சங்கடம் நம் கடற்கரை முழுவதும் உண்டு.

இருந்தாலும், சாவு வந்த அதே கடலுக்குத்தான் அவர்கள் மறுபடியும் போனார்கள். வேறு தொழில் இல்லை என்பதற்காக மட்டும் அல்ல. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தெரிந்த கடல் அது. கோபித்துக்கொண்ட தாயை விட்டு எங்கே போவது?

ஊர் வாழ்க்கை

விடிவதற்கு முன்பே கரை விழித்துவிடும். முன்பு கட்டுமரம். இப்போது இயந்திரம் வைத்த பைபர் படகு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்கள் மட்டும் மாறவில்லை. வாடை வடக்குக் காற்று. கொண்டல் கிழக்குக் காற்று. சோழகம் தெற்கு. கச்சான் மேற்கு. பள்ளிக்கூடம் போகாத கிழவருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம்.

படகு கரை சேர்ந்ததும் ஏலம். கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் கிளம்புவார்கள். பொறையாறு, திருக்கடையூர் என்று தெருத் தெருவாக மீன் போகும். ஆண்பிள்ளை கடலில் சம்பாதிப்பதைக் காசாக்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறவள் பெண்பிள்ளைதான். கிழக்குக் கரையில் மீன் குஞ்சு பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது என்று சட்டம். அந்த 61 நாளும் குடும்பத்தை நடத்துகிற கெட்டிக்காரத்தனமும் அவளுடையதே.

மீனவருக்குள் சண்டை வந்தால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்து. கடலில் யார் எந்த வலை போடலாம், வாங்கிய கடனை எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அங்கே பேசித் தீரும்.

இந்தச் சிறிய ஊரில் சிவன் கோயில் இருக்கிறது. மசூதி இருக்கிறது. லுத்தரன் கோயில் இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. ஒரே கடல் காற்று எல்லாக் கோபுரத்திலும் வீசுகிறது. சுனாமி வந்தபோதும் அது வேறுபாடு பார்க்கவில்லை.

நீங்கள் போனால்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரிய வாசல் ஒன்று எதிரே நிற்கும். 1792-ல் டேனிஷ்காரர் கட்டிய நகர வாசல். அதற்குள் நுழைந்தால் ராஜா தெரு. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், கோயில்கள், பள்ளிக்கூடம். நேரே நடந்தால் கடல். வலது கைப் பக்கம் கோட்டை.

கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஊரிலேயே அடித்த டேனிஷ் காசுகளைப் பார்க்கலாம். கோட்டையும் கவர்னர் மாளிகையும் இடிந்து விழும் நிலையில் இருந்தன. தமிழக அரசும் டென்மார்க்கைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து அவற்றைப் பழுது பார்த்தார்கள். சுண்ணாம்பு அரைத்து, பழைய முறைப்படியே பூசினார்கள். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டையும் பழுது பார்த்து, 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

மாலையில் கோட்டைக்கு எதிரே மணலில் உட்காருங்கள். பாண்டியன் போனான். நாயக்கர் போனார். டேனிஷ்காரர் போனார். ஆங்கிலேயர் போனார். கப்பல் போயிற்று. ரயிலும் போயிற்று. படகை இழுத்து மணலில் ஏற்றிக்கொண்டு இருப்பவர்கள் மட்டும் போகவில்லை. அவர்கள் பாட்டன் ஏற்றிய சரக்கில்தான் கோட்டை எழுந்தது. அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் ஒரு வெளிநாட்டான் தமிழ் படித்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. 400 வருஷக் கோட்டைச் சுவரில் சிலர் ஆணியால் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். பெயர் எழுதத்தான் வேண்டும் என்றால், எதிரே மணல் இருக்கிறது. விரலால் எழுதுங்கள். அலை வந்து அழித்தால், மறுபடியும் எழுதுங்கள். அந்த ஊரில் எழுத்து அப்படித்தான் ஆரம்பித்தது.